உறையின் உள்மடிப்பில் அக்கா பூசிய மஞ்சள்

எங்கள் அக்கா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இத்தகைய மலரில் நல்லதை மட்டும் எழுதுவதே வழக்கம். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. என்னைப் பற்றித்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

அக்கா பருத்தித்துறைக் கடற்கரையோரம், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பத்து ஆண்டுகள் பிந்தி நான் பிறந்தேன். அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் எங்களைப் பெற்ற ஐயா நோயில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே படித்ததில் சில புள்ளிகளால் அக்காவுக்குப் பல்கலைக்கழகம் தவறிப்போனது. ஐயா மறைந்த பின், பஸ் நிலையத்துக்கு அருகே இருந்த போட்டோப்பிரதிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அங்கேயேதான் இருந்தார். வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் படித்துப் பட்டமும் பெற்றார். பட்டமளிப்பு அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், எனக்குப் பரீட்சை. அக்கா தனியே பஸ் ஏறிப் போய், தனியே படம் எடுத்துக்கொண்டு, பின்னேரம் திரும்பி வந்து உலை வைத்தார். இம்மலரின் அட்டையில் நீங்கள் காண்பது அந்தப் படம்தான்.

நான் கனடாவில் படித்தவள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் படிப்பு ஒரு மறதியில் தொடங்கியது. கடைக்கு வந்த யாரோ ஒருவர், வெளிநாட்டில் படிக்கப் பணம் தரும் புலமைப்பரிசில் அறிவித்தல் ஒன்றை இயந்திரத்தின் மூடிக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா அதில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, உரியவரைத் தேடிப் பிடித்து மூலத்தைக் கொடுத்தார். அன்று தொடக்கம் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனைவரை வாசிப்பது அவருடைய வேலை, கையொப்பம் வைப்பது என்னுடைய வேலை. கிராம அலுவலரின் கடிதம், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, பிரதிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் முத்திரை எல்லாவற்றுக்கும் சைக்கிளில் அலைந்தவர் அவர். இரண்டு இடங்கள் கைவிரித்தன. நான் அழுதேன். அக்கா கோப்பில் அடுத்த படிவத்தை எடுத்து வைத்தார்.

"ஏன் இந்த உதவி தேவை" என்ற கேள்விக்கு ஐயாவின் சாவையும் எங்கள் கஷ்டத்தையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அழுது எழுதாதை பிள்ளை. நீ என்ன படிக்கப் போறாய் எண்டு எழுது. அழுகிற ஆக்கள் அவையிட்டை நிறைய வருவினம்."

மூன்றாவது விண்ணப்பத்தில்தான் அந்த வேடிக்கை நடந்தது. எல்லாம் தயாராகி மேசையில் இருந்தபோது, எங்களுக்குத் தெரியாமல் அம்மா ஒவ்வொரு சான்றிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிவிட்டார். கலியாணக் கடிதத்துக்குப் பூசுவதுபோல இதுவும் நல்ல காரியம்தானே என்பது அவர் எண்ணம். நாங்களும் பாராமல் ஒட்டி அனுப்பிவிட்டோம். போகிற வழியில் ஈரம் பிடித்து மஞ்சள் பரவி, ஆவணங்கள் பழுதடைந்துள்ளன, உடனே புதிய பிரதிகள் அனுப்புக என்று பதில் வந்தது. நான் அம்மாவோடு சண்டைக்குப் போனேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "வெறுங்கடிதமாய் அனுப்ப மனம் வரேல்லை" என்றார்.

அக்கா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. மறுபடி பிரதி எடுத்து, மறுபடி சமாதான நீதவான் வாசலில் நின்று, புதிய உறை வாங்கி வந்தார். ஒட்டுவதற்கு முன் சின்ன விரலால் மஞ்சளைத் தொட்டு உறையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்தார்.

"இந்தாங்கோ அம்மா, உள்ளுக்கை பூசியாச்சு. முருகனுக்குத் தெரியும், வெள்ளைக்காரனுக்குத் தெரியாது."

அம்மா அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்துக்குத்தான் புலமைப்பரிசில் கிடைத்தது. நான் போனேன். அங்கேயே வேலை, திருமணம், பிள்ளைகள். அம்மாவும் நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். மூன்று பேர் இருந்த வீட்டில் அக்கா ஒருவரே கதவைத் திறந்து, ஒருவரே பூட்டினார். ஞாயிறுகளில் தொலைபேசியில் கதைப்போம். "தனிய இருக்கப் பயமில்லையோ" என்று கேட்டால், "ஆர் இருக்கினம் பயப்படுத்த" என்பார். நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, வழமைக்கு மாறாகத் தயங்கித் தயங்கிக் கதைத்தார்.

"பிள்ளை, எனக்கொரு கடிதம் வேணும்."

"என்ன கடிதம் அக்கா?"

"உங்கடை நகரத்திலை ஒரு வருசப் படிப்பு. புலமைப்பரிசில். வயதுக் கட்டுப்பாடு இல்லையாம், நல்லாய் வாசிச்சுப் பாத்திட்டன். அங்கை இருக்கிற சொந்தக்காரர் தங்க இடம் குடுக்கிறம் எண்டு கையெழுத்து வைச்சுத் தரோணும். மூலப்பிரதி வேணுமாம், அதுதான் தபாலிலை. ஒரு பக்கம் எழுதினால் காணும்."

"ஓம் அக்கா, இந்தக் கிழமையே அனுப்புறன்."

அனுப்பவில்லை. வேலை என்று அக்காவுக்குச் சொன்னேன். எனக்கு நானே சொன்னதும் அதுதான். உண்மை அதுவல்ல. வீடு சிறியது, கணவரின் பெற்றோரும் எங்களோடு இருக்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் இவருக்கு என்ன படிப்பு என்று நினைத்தேன். ஒரு வருடம் என்று வந்து அப்படியே இருந்துவிடுவாரோ என்றும் நினைத்தேன். என்னை அனுப்பிவிட்டுத் தனித்துப்போனவரைப் பற்றி நான் நினைத்தது இதுதான்.

அடுத்த ஞாயிறு அக்கா பிள்ளைகளின் சுகம் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு பனி பெய்கிறதா என்று கேட்டார். கடிதத்தைக் கேட்கவில்லை. முடிவு திகதி கடந்த பிறகு நானாகவே பேச்சை எடுத்தபோது, "பரவாயில்லை பிள்ளை, வாற வருசமும் வரும்" என்றார். ஒருவருடைய விண்ணப்பத்தையும் பிந்தவிடாத மனிதர் அவர்.

வருகிற வருடம் வரவில்லை. ஒரு காலை அக்கா கடைக்கு வராததால் முதலாளி ஐயா ஆளனுப்பியிருக்கிறார். வாசற் படலை உட்பக்கமாகப் பூட்டியிருந்தது. நித்திரையிலேயே மாரடைப்பு என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது கிரியைகள் முடிந்து வீடு கழுவியிருந்தது.

கடைசிவரை அக்காவைச் சொந்தப் பிள்ளைபோல் நடத்திய கடை முதலாளி ஐயாவுக்கும், படலையை உடைத்துப் போய் அவரைக் கண்டெடுத்து, நான் வரும்வரை விளக்கு அணையாமல் பார்த்த அயலவருக்கும், கொள்ளி வைத்த சித்தப்பாவின் மகனுக்கும், முத்திரைக்கென்று எந்நேரம் போனாலும் கதவு திறந்த சமாதான நீதவான் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தபாற்கந்தோரில் வேலை செய்யும் பெண்மணிக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். செத்தவீட்டுக்கு வரமுடியாதவர் சென்ற கிழமை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ரை அக்கா வேலைக்குப் போகேக்கை எட்டிப் பாத்து, தங்கச்சியின்ரை கடிதம் வந்ததோ எண்டு கேப்பா. இல்லையெண்டால், அவளுக்கு அங்கை சரியான வேலை, நேரமிராது எண்டிட்டுப் போவா" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அக்காவின் விண்ணப்பக் கோப்பைத் திறந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. "உடன் வசிப்போர்" என்ற இடத்தில் நேராக ஒரு கோடு. சான்றிதழ்களுக்கும் படிவத்துக்கும் இடையில் ஒரு வெறுந்தாள், அதில் பென்சிலால் "தங்கச்சியின் கடிதம் இங்கே" என்று எழுதியிருந்தது. முகவரி எழுதிய உறை ஒட்டப்படாமல் கிடந்தது. உள்மடிப்பில் காய்ந்துபோன மஞ்சள் பொட்டு.

நேற்று அந்தக் கடிதத்தை எழுதினேன். என் அக்கா என் வீட்டில் அவர் விரும்பும்வரை தங்கலாம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அக்கா சொன்னதுபோல ஒரு பக்கம் போதுமாக இருந்தது. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

பிந்திய தங்கை