கறுப்புச் சரிவுக்கு ஒரு திட்டம்

‘எங்கள் பனிச்சறுக்கு ஆலோசகர் டூரி காடோனாவ், நடக்கப் பழகுமுன்பே சறுக்கப் பழகியவர். இம்மலையின் ஒவ்வொரு சரிவும் அவர் கால்களுக்கு அத்துப்படி. உங்கள் விடுமுறையை அவரிடம் ஒப்படையுங்கள்.’

விடுதியின் பளபளப்பான கையேட்டில் இப்படித்தான் இருந்தது. இதில் பெயர் மட்டும் சரி. டூரி சின்ன வயதில் ஒரே ஒருமுறை சறுக்கினார். பாதிரியாரின் மாட்டுக் கொட்டகைக் கதவில் மோதித்தான் நின்றார். அன்று பரணில் ஏறிய சறுக்குக் கட்டைகள் பிறகு இறங்கவேயில்லை.

ஊருக்கே இது தெரியும். ஆனால் வெளியாள் யாரிடமும் யாரும் மூச்சு விட்டதில்லை. டூரியின் மானத்துக்காக அல்ல. சறுக்கத் தெரியாத ஒருவன் நம் ஊரில் பிறந்தான் என்று வெளியே தெரிந்தால் ஊர் மானம் என்ன ஆவது!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளத்தாக்கிலேயே விருந்தினருக்கு அவர் போடும் சறுக்குத் திட்டங்களுக்குத்தான் மவுசு. சறுக்குகிறவன் சரிவை நினைப்பான். டூரி சாப்பாட்டை நினைத்தார். எந்த உணவகத்தின் மொட்டைமாடியில் எப்போது வெயில் விழும், எங்கே பார்லி சூப் கெட்டியாக இருக்கும் என்று பார்த்து, அதைச் சுற்றிச் சரிவுகளை அடுக்கினார். எங்கே பனி இறுகிக் கிடக்கிறது என்பதை அக்கா மெங்கியா சொல்லிவிடுவாள். சரிவுகளை இயந்திரத்தால் சமன் செய்வது அவள் வேலை.

இலையுதிர் காலத்தில் புது மேலாளர் வீட்மர் அம்மையார் வந்தார். சமவெளிக்காரர். மலையில் பிறந்தவனுக்குச் சறுக்கத் தெரியுமா என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை.

“ஹாம்பர்க்லேர்ந்து ஹார்ம்சன் குடும்பத்தோட வர்றார். முதல் நாள் நீங்களே கூடச் சறுக்கணுமாம். அவரே கேட்டிருக்கார். சரின்னு சொல்லிட்டேன்.”

“மேடம், எனக்கு மேஜை வேலை...”

“சறுக்காத ஆலோசகருக்கு மேஜை எதுக்கு?” என்று சிரித்தார் அவர். டூரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேஜையை விட்டால் அவருக்குத் தெரிந்த வேறு தொழில் கிடையாது.

காலைக் காப்பிக்கு வந்த மெங்கியாவிடம் சொன்னார்.

“டேய், நீ சறுக்கப் போறியா? முன்கூட்டியே சொல்லு, கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்றேன்.”

“அக்கா, என் பொழப்பு போகுது.”

“உண்மையைச் சொல்லிடேன்.”

“ஊர்ல வெட்டிப் போட்டுருவாங்க!”

மறுநாள் ஹார்ம்சன் தொலைபேசியில் வந்தார். ஆண்டுதோறும் வருகிற கப்பல் முதலாளி. அவர் பேசினால் மூன்று அலுவலகங்கள் எழுந்து நிற்கும்.

“முதல் நாள் நாம ரெண்டு பேர் மட்டும் போவோம், காடோனாவ். பசங்க வேண்டாம்.”

“உங்களுக்குக் கறுப்புச் சரிவுதானே சார்? இருக்கறதுலயே கஷ்டமானது.”

“வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன். ஆனா... சிவப்பு?”

“சிவப்புல போலாம்.”

“நீலம்னா ரொம்பச் சுலபமோ?”

“குழந்தைங்க போற சரிவு சார்.”

“அதுக்கும் கீழே ஒண்ணும் கிடையாதா?”

“அதுக்கும் கீழே வண்டி நிறுத்தற இடம்தான்.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “முட்டி போயிடுச்சுய்யா. நாலஞ்சு வருஷமா ‘நான் கஷ்டமான பக்கம் போறேன்’னு சொல்லிட்டு மேல காப்பிக் கடைல உக்காந்துட்டு வர்றேன். இந்த வருஷம் பேரனும் கூட வர்றேன்கறான். நீங்க கூட இருந்தா, பெரியவங்க சமாசாரம்னு விட்டுடுவான்.”

டூரி கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

“சார், எனக்குச் சறுக்கவே தெரியாது.”

ஹாம்பர்க்கில் முதலாளி இருமி இருமிச் சிரித்தார்.

“அப்போ நம்ம ரெண்டு பேரையும் யாருய்யா இறக்கி விடறது?”

“கேபிள் கார் இருக்கு சார். விடுதிக்குப் பின்பக்க வாசல் வழியா வந்தா யாரும் பாக்க மாட்டாங்க.”

டூரி திட்டத்தில் ‘முதல் நாள்: கறுப்புச் சரிவு, ஆலோசகருடன்’ என்று எழுதினார். வீட்மர் அம்மையார் பார்த்துப் பூரித்துப்போனார்.

பிப்ரவரியில் இருவரும் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் பார்க்க மேலே போனார்கள். திரும்பும்போது பின்வாசலில் மெங்கியா காத்திருந்து, சறுக்கி வந்த அடையாளத்துக்கு இருவர் முதுகிலும் ஆளுக்கு இரண்டு கை பனியை வாரி அடித்தாள். தம்பிக்குக் கொஞ்சம் பலமாகவே அடித்தாள். பேரன் தாத்தாவைப் பார்த்து வாய் பிளந்தான்.

அன்று டூரி காடோனாவ் மலையுச்சியில் இரண்டு கிண்ணம் பார்லி சூப் குடித்தார். ஹார்ம்சனிடம் சீட்டாட்டத்தில் தோற்றார். கேபிள் காரில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கீழே வந்தார்.