மூன்றாம் ஏரிக் குடிலில் ஒரு பூட்டு

கோபம் வந்தால் ரேலீன் கத்த மாட்டாள், பஸ்ஸைக் கழுவுவாள். தெற்குத் தீவொன்றின் சிற்றூரான நியூ நார்ஃபோக்கில் அவள் ஏற்றி இறக்கிய பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து, இப்போது தங்கள் பிள்ளைகளை அதே பஸ்ஸில் ஏற்றி விடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியும், பஸ் பளபளத்தால் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று. அந்த வியாழக்கிழமை அவள் சக்கரத்தின் உள்பக்கத்தைக்கூட விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம், போனில் வந்த இரண்டு வரி. அனுப்பியவள் கிளெனிஸ், ரேலீனின் நாத்தனார். முன்னாள் நாத்தனார் என்று சொல்ல வேண்டும். ரேலீனும் கிரேமும் பிரிந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. 'ஆன்ஸாக் விடுமுறைக்கு இந்த வருஷம் குடும்பத்து ஆளுங்க மட்டும் குடிலுக்குப் போறோம். நீ தப்பா எடுத்துக்க மாட்டேன்னு நம்புறேன்.'

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

மலையில், மூன்றாம் ஏரிக்கரையில் இருக்கிறது அந்தக் குடில். கிரேமின் அப்பா கட்டியது. கட்டினார் என்றால், தூணை நட்டுக் கூரைத் தகரத்தைப் போட்டார், அத்தோடு முதுகு பிடித்துக்கொண்டது. சுவர்ப் பலகை ஒவ்வொன்றையும் ஆணி அடித்து நிறுத்தியவள் ரேலீன். பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருடம், இரும்பு அடுப்பின் கதவை முதுகில் கட்டிக்கொண்டு ஏறியவளும் அவள்தான். பிரிந்தபோது ஊர் வீடு அவளுக்கு, குடில் கிரேமுக்கு என்று முடிவானது. அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் போர்வீரர் நினைவு நாளான ஆன்ஸாக் வரும் வாரம் மட்டும் என்னுடையது என்றாள். கிரேம் தலையை ஆட்டினான். அவன் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவான். அவனோடு வாழ்வதில் இருந்த தொல்லையே அதுதான்.

அந்த வாரம்தான் வேண்டும் என்று ஏன் அடம்? ஃபேகஸ் என்ற குட்டை மரம் நிறம் மாறுவது அப்போதுதான். தீவின் காட்டு மரமெல்லாம் வருடம் முழுக்க ஒரே பச்சையில் நிற்கும். இந்த ஒன்றுதான், இங்கே இலையுதிர் காலமான ஏப்ரல் கடைசியில், மஞ்சளாகி, செம்பாகி, இலையைக் கொட்டும். மற்ற மாதங்களில் அதை ஒருவரும் சீந்துவதில்லை. பாறைமேல் இடுப்பளவுக்கு முறுக்கிக் கிடந்து, நடப்பவர்கள் காலைப் பிடித்து இழுக்கும். கால்சிக்கி என்றுதான் ஊரே அதைத் திட்டும். ரேலீனுக்கு அந்தச் செடிமேல் உயிர். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு இலையுதிர் காலத்தையும் அவள் தவறவிட்டதில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள், கையில் மாவுக்கட்டோடு ஏறியிருக்கிறாள். பிரிந்த வருடம் தனியாக ஏறி, அங்கே உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதுவிட்டு இறங்கியிருக்கிறாள். இப்போது ஒருத்தி வந்து 'குடும்பத்து ஆளுங்க மட்டும்' என்றால்?

கையைத் துடைத்துக்கொண்டு பதில் அனுப்பினாள். 'வெள்ளிக்கிழமை வரேன்.'

உடனே போன் அடித்தது.

"ரேலீன், உனக்குப் படிக்கத் தெரியும்ல?" என்றாள் கிளெனிஸ்.

"தெரியும். எழுதவும் தெரியும். அதான் பதில் போட்டேன்."

"கிரேம் டாம்சினைக் கூட்டிட்டு வர்றான். அவனோட புதுத் துணை, முதல் தடவையா வர்ற பொண்ணு. நீ நடுவுல நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"டாம்சின் வரட்டும். தாராளமா வரட்டும். எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டையும் இல்ல. அந்த வாரம் எனக்குன்னு உன் தம்பி வாய் திறந்து சொன்னானா இல்லையா, அவனையே கேளு."

"அவன் சொல்லுவான். அப்பா கட்டின குடிலு அது. நீ இப்போ எங்களுக்கு யாரு?"

ரேலீனுக்குச் சுருக்கென்றது. சமைக்க, ஆணி அடிக்க, விறகு பிளக்க ஒருத்தி வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டாயிற்று. இருந்தாலும் குரல் மாறாமல் சொன்னாள்.

"யாருன்னு வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்."

மூன்றாம் ஏரிக்கரையில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. குடில்களை எவரும் பூட்டுவதில்லை. பனியில் மாட்டிக்கொண்டவன் எந்தக் கதவையும் திறந்து நுழையலாம், போகும்போது விறகுப் பெட்டியை நிரப்பிவிட்டுப் போனால் போதும். உள்ளே போய் அடுப்பை முதலில் மூட்டுகிறவர் யாரோ, அந்தத் தீ அணைகிற வரைக்கும் அவர்தான் வீட்டுக்காரர். யார் எங்கே படுப்பது, என்ன சமைப்பது, எப்போது மலை ஏறுவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ரேலீன் புதுப்பெண்ணாக வந்த வருடம், கிளெனிஸ் முந்திக்கொண்டு அடுப்பை மூட்டி, அவளைக் காற்று வீசும் முன்தாழ்வாரத்தில் படுக்க வைத்தாள். பல் கிட்டித்த அந்தக் குளிரை ரேலீன் மறக்கவில்லை.

அதனால் அவள் திட்டம் எளிமையானது. இவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அடுப்பை மூட்ட வேண்டும். வாலபி என்ற குட்டைக் கங்காருவின் கறியை ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பு வைத்தாள். ஓட்ஸ் பிஸ்கட் சுட்டாள். வேனில் சக்கரச் சங்கிலி, காய்ந்த சுள்ளி, கருவிப்பெட்டி எல்லாம் ஏற்றினாள். விடியலில் ஊர் நினைவுத்தூணடியில் போர்வீரர்களுக்காகத் தலை குனிந்து நின்றாள், ஊதுகொம்பு ஓய்ந்ததும் வேனைக் கிளப்பினாள்.

பாதி மலையில் ஆர்ச்சி அழைத்தார். பக்கத்துக் குடில்காரர், வருடம் முழுக்க அங்கேயே இருப்பவர்.

"ரேலீன், கேட்டியா கூத்தை? உங்க குடில் கதவுல பூட்டு தொங்குது."

"என்னது?"

"பூட்டும்மா, பூட்டு! போன ஞாயித்துக்கிழமை கிளெனிஸ் வந்து மாட்டிட்டுப் போயிருக்கா. பித்தளைப் பூட்டு. இத்தனை வருஷத்துல இந்த ஏரியில நான் பூட்டே பார்த்ததில்ல. நாளைக்கு எவனாவது பனியில வழி தப்பி வந்தா வாசல்லயே சாக வேண்டியதுதானா?"

"எனக்காகப் போட்டது ஆர்ச்சி."

"திரும்பிப் போயிடுறியா? மேல பனி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு."

"திரும்பவா? நானா? உங்க அடுப்புல தண்ணி வைங்க, வந்துகிட்டே இருக்கேன்."

போய்ச் சேர்ந்தபோது ஏரியே தெரியவில்லை, எங்கும் வெள்ளை. ரேலீன் நேராகத் தன் குடில் வாசலுக்குத்தான் போனாள். தான் அடித்த பலகைக்கு நடுவே அந்தப் பூட்டு தொங்கியது. ஈரப்பனி இறங்கிக் கெட்டித்து, பூட்டு முழுக்கப் பனிக்கட்டி. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவள் ரேலீன் இல்லையே. "போட்டுக்கோ, எத்தனை பூட்டு வேணாலும் போட்டுக்கோ" என்று கதவிடம் சொல்லிவிட்டு ஆர்ச்சியின் குடிலுக்குப் போனாள். வேனில் பூட்டு வெட்டும் கத்தரி கிடந்தது. பள்ளி வாசலில் பையன்கள் சாவியைத் தொலைத்துவிட்டுச் சைக்கிளோடு நிற்கும்போதெல்லாம் அவள்தான் வெட்டிக் கொடுப்பாள். ஆனாலும் வெட்டவில்லை. திருட்டுத்தனமாக உள்ளே போக அவளுக்கு அவசியம் இல்லை. அவர்கள் வரட்டும், முகத்துக்கு நேராகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மதியத்துக்கு மேல் கார் வந்தது. ரேலீனும் ஆர்ச்சியும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிளெனிஸ் சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. ஊதிப் பார்த்தாள், உதைத்துப் பார்த்தாள். அப்புறம் கிரேம் முன்னால் வந்து, ஆம்பிளைப் பலத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு முறுக்கு முறுக்கினான். சாவி பாதியில் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பின்னால் மெல்லிய துணிச்செருப்போடு ஒரு பெண் பனியில் குதித்துக் குதித்து நின்றாள்.

"சபாஷ்!" என்றார் ஆர்ச்சி.

மூன்று பேரும் புகை வருகிற வீட்டைத் தேடி இங்கேதான் வர வேண்டும், வந்தார்கள். கதவைத் திறந்தது ரேலீன். கிளெனிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

"பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள் ரேலீன். மலையில் அவள் வருடக்கணக்காகப் போடும் கட்டளை அது. மூவரும் பழகின பிள்ளைகள் மாதிரிக் குனிந்தார்கள், புதிதாக வந்த டாம்சின் உட்பட. அவளுடைய கால் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்து, ரேலீன் தன் பையிலிருந்து கம்பளிக் காலுறையை எடுத்து நீட்டினாள்.

"நீங்கதான்..." என்று இழுத்தாள் டாம்சின்.

"நானேதான். போட்டுக்கோ, கேள்வி அப்புறம்."

கிரேம் தீக்கு முன்னால் கையைத் தேய்த்துக்கொண்டு, "ரேலீன், உன் வேன்ல அந்தக் கத்தரி இருக்கா?" என்றான்.

"இருக்கு. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லு. ஆன்ஸாக் வாரம் என்னுதுன்னு சொன்னியா, இல்லையா? தலைய ஆட்டாத. வாயத் திறந்து சொல்லு, உன் அக்கா காதுல விழட்டும்."

கிரேம் அக்காவைப் பார்த்தான், டாம்சினைப் பார்த்தான், நெருப்பைப் பார்த்தான். "சொன்னேன்" என்றான்.

"கேட்டுக்கிட்டியா கிளெனிஸ்?"

"என் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

ரேலீன் கத்தரியை எடுத்துக்கொண்டு பனியில் நடந்தாள். ஒரே வெட்டு. பூட்டைத் தூக்கி ஏரிப்பக்கம் எறிந்தாள். கதவைத் தள்ளி முதல் ஆளாக உள்ளே போய், கொண்டுவந்த சுள்ளியை அடுக்கி, மற்றவர்கள் வாசலைத் தாண்டும் முன்னால் தீக்குச்சியைக் கிழித்தாள். அடுப்பு 'குபு'வென்று பிடித்தது.

"இப்ப வீட்டுக்காரி யாரு?" என்று கேட்டாள். வழக்கம் அவர்களுக்கும் தெரியும்.

"கிளெனிஸ், நீ அடுப்புப் பக்கத்துக் கட்டில்ல படு. நீங்க ரெண்டு பேரும் உள்ரூம்ல."

"நீ?" என்றான் கிரேம்.

"முன்தாழ்வாரம். எனக்கு அது பழகின இடம்." கிளெனிஸைப் பார்த்துத்தான் சொன்னாள். இரவுச் சாப்பாட்டில் கிளெனிஸ் தட்டில் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடவில்லை.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. ரேலீன் எல்லோரையும் கிளப்பினாள். கிளெனிஸ் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மூட்டு வலி, நீங்க போங்க" என்றாள். சொல்லும்போதே கண் அடுப்புப் பக்கம் போனது.

கிரேம் ரேலீனின் காதோரம் வந்தான். "அவ தீய அணைய விட்டுட்டு, அப்புறம் அவளே மூட்டுவா. எனக்கு அவளத் தெரியும். வேணும்னா நீ இரு, நான் டாம்சினக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

ரேலீன் நின்றாள். அடுப்பை விட்டுப் போனால் வீடு போகும். அடுப்பைக் காத்து உட்கார்ந்தால், எதற்காக இவ்வளவு சண்டையும் போட்டாளோ அதைப் பார்க்காமலே இறங்க வேண்டும். தன்னை வாசலில் நிறுத்த ஒரு பூட்டு, வீட்டுக்குள் நிறுத்த ஒரு அடுப்பா? சீ, இது என்ன பிழைப்பு!

"அணைஞ்சா அணையட்டும். ஃபேகஸ் எவ அடுப்புக்காகவும் காத்துக்கிட்டு நிக்காது" என்று உரக்கவே சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

முகட்டைத் தாண்டியதும் அது வந்தது. பள்ளம் முழுக்க, பாறை பாறையாக, மஞ்சளும் செம்புமாகப் பற்றிக்கொண்டு நின்றது, அதன்மேல் நேற்றைய பனி. டாம்சின் "ஐயோ" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த அடியில் கால்சிக்கி அவள் காலை வாரிவிட, பனியில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரித்தாள். ரேலீன் கையைக் கொடுத்துத் தூக்கினாள். மூக்கு ஒழுகியது, கண்ணும் ஒழுகியது, இரண்டையும் ஒரே கையுறையால் துடைத்தாள். இத்தனை வருடம் பார்த்தும் அலுக்கவில்லை. இதை எவளாவது எனக்கு இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும் என்று நினைத்தபோது அவளுக்கு மார்பு நிமிர்ந்தது.

வெயில் சாயும்போது இறங்கினார்கள். திருப்பத்தில் குடில் தெரிந்தது. புகைபோக்கியில் புகை. பழைய தீயா, புதுத் தீயா? புகையைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? ரேலீன் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

கதவைத் திறந்தாள். கிளெனிஸ் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி. விறகுப் பெட்டி பாதி காலி. ரேலீன் நேற்று அடுப்புத் தட்டில் வைத்த தீப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. முன்தாழ்வாரத்தில் கிடந்த ரேலீனின் படுக்கையை யாரோ எடுத்து வந்து அடுப்போரக் கட்டிலில் விரித்திருந்தார்கள்.

"அணையலியா?" என்றாள் ரேலீன்.

"அணையப் பார்த்துச்சு." கிளெனிஸ் திரும்பிப் பார்க்காமல் ஒரு கட்டையை உள்ளே தள்ளினாள். "விடல."

ரேலீன் மனசு இளகியதை அவளுக்குக் காட்டுவாளா என்ன? இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்போ அடுத்த வருஷமும் நான் வருவேன். அதுக்கு அடுத்த வருஷமும் வருவேன்."

"வந்து தொலை" என்றாள் கிளெனிஸ். "முதல்ல பூட்ஸைக் கழட்டு."