ஒல்லியாகப் பிறந்து வருவேன் என்றார்

காஞ்சிபுரத்தில் ரூம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று சொன்னபோது ஆவடிப் பக்கம் எங்கள் சேக்காட்டுத் தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை. பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்துவதை விட்டுவிட்டு மதில் சுவர் ஓரம் வந்து நின்று சிரித்தாள்.

"பூந்தமல்லில பஸ் ஏறுனா, போய் சாமி பாத்துட்டு மத்தியானம் ஊட்டுக்கு வந்து சோறு வடிக்கலாம். அதுக்குப் போய் ரூமாடி?"

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த என் மகள், எங்கள் கல்யாண நாளுக்கென்று போனிலேயே ரூம் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் வெளியூரில் தங்கியதே கிடையாது. போனதெல்லாம் சொந்தக்காரர்களோடு வேனில்தான். காஞ்சிபுரத்துக்கே பத்துத் தடவை போயிருப்பேன். காமாட்சி, வரதர், புடவைக் கடை, மறுபடி வேன். அவ்வளவுதான் நான் பார்த்த காஞ்சிபுரம்.

கைலாசநாதர் கோயிலை மட்டும் பார்த்ததில்லை. அது ஊர்க்கோடியில் இருக்கிறது, நேரமாகிவிடும் என்று வேன்காரர் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்துவிடுவார். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் என் பக்கத்தில் உட்காரும் ஒரு அம்மாதான் அந்தக் கோயிலைப் பற்றி எனக்குச் சொன்னது. அங்கே சாமியைச் சுற்றி வர ஒரு சின்ன துவாரத்துக்குள் தவழ்ந்து நுழைய வேண்டுமாம். சுற்றிவந்து வேறொரு துவாரம் வழியாகத் தவழ்ந்தே வெளியே வர வேண்டுமாம். அப்படி வந்தவருக்கு மறுபிறவி இல்லையாம். கேட்ட நாளிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனால் என் வீட்டுக்காரரோடு போக வேண்டும் என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியும்போதே குளித்து, விளக்கேற்றி, புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆவடி பஸ்ஸில் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போதே இவர் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் இவர். நல்ல பாரியான உடம்பு. இரண்டு பேர் சீட்டில் இவர் உட்கார்ந்தால் எனக்கு முக்கால் சீட்டுதான். கரையான்சாவடி நெரிசலில் பஸ் நின்றபோது என் காதருகே குனிந்து, "புதுப் பொண்ணு மாரி கீறேமே" என்றார். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரூமில் பையைப் போட்டுவிட்டு நேரே காமாட்சியிடம் போனோம். இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, மீதி வைக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம் மாதிரி. காமாட்சி கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை தொன்னையாகக் கொடுத்தார்கள். என் பங்கில் பாதியை இவர் தொன்னையில் தள்ளினேன். வரதர் கோயிலில் புளியோதரையும் மிளகு மணக்கும் கோயில் இட்லியும் கிடைத்தன. அதிலும் பாதி இவருக்குத்தான் போனது.

"போதும்மே, வயிறு இன்னா அண்டாவா?"

"சாமி பிரசாதம்ங்க. துன்னுங்க."

சாயந்திரம் ஆட்டோ பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். வாசலில் பச்சைப் புல்வெளி. உள்ளே பழுப்பு நிறக் கல்லில் எங்கு பார்த்தாலும் சிங்கங்கள் எழுந்து நின்றன. ஏதோ ஒரு பல்லவ ராஜா கட்டியதாம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டதாம். கருகருவென்று உயரமான லிங்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே அந்தத் துவாரம். நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்களுக்கு முன்னால் இருந்த காலேஜ் பிள்ளைகள் பல்லி மாதிரி சரசரவென்று உள்ளே போனார்கள்.

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலயே வரேன்" என்றேன்.

இவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். தலை போனது. தோள் போனது. வயிறு வந்ததும் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. துவாரத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னாமே பாத்துகினு நிக்கிற? கால புடிச்சி இஸ்தா!"

நானும் குருக்களும் ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து உட்கார்ந்தவர் மூச்சு வாங்கினார். வயிற்றில் சிராய்ப்பு. காலேஜ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

"நீங்க போங்கோம்மா" என்று குருக்கள் எனக்கு வழி விட்டார்.

எனக்குத் தாராளமாக இடம் இருந்தது. மண்டி போட்டால் போதும். ஆனால் கால் மடங்கவில்லை. நான் போய்விட்டால் எனக்குப் பிறவி இல்லை. இவருக்கு உண்டு. அடுத்த ஜென்மத்தில் இவர் எங்கேயோ பிறந்து, எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால் கதவு திறக்க நான் இருக்க மாட்டேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, "முட்டி வலிக்குது சாமி" என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன். சிவன் சந்நிதியில் பொய். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ரூமுக்கு வந்து, மொட்டை மாடியில் நின்று தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

"நேத்து வரைக்கும் மாடிப்படி ஓடி ஏறுன. இன்னிக்கு இன்னா திடீர் முட்டி வலி?"

சொன்னேன். இவர் என் தோளில் இடித்தார்.

"இதுக்காடி? நாளைக்கு நீ போய்க்கோ. நான் இன்னொரு தபா பொறந்து, ஒல்லியா பொறந்து, வந்து பூந்துக்கிறேன்."

"அந்த ஜென்மத்துல எவ சோறு போடுவா ஒனக்கு?"

"எவளாவது ஒருத்தி கெடைக்க மாட்டா?"

கையிலிருந்த துண்டாலேயே முதுகில் ஒன்று வைத்தேன். வெளியாட்கள் முன்னால் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். ஆள் இல்லாத அந்த மாடியில் யோவ், யா என்று கல்யாணமான புதிதில் பேசியது மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்குக் கேட்குமோ, பிள்ளைகள் முழித்துக்கொள்வார்களோ என்ற கவலை இல்லை. மகளை மனதார வாழ்த்தினேன்.

இராத்திரி இவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். ஞாயிறு காலையில் காப்பியும் வேண்டாம் என்றதும்தான் எனக்கு விளங்கியது.

"யோவ், இன்னாயா பண்ற?"

"ஆட்டோ கூப்டு. வழில எந்தக் கோயில்லயும் நிறுத்தக் கூடாது. பொங்கல் கிங்கல்னு எதையாவது நீட்டுன, அவ்ளோதான்."

நடை திறந்த நேரத்துக்கே போய்விட்டோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. குருக்கள் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அவசரப்படாதீங்கோ. மூச்சை முழுக்க வெளிய விட்டுடுங்கோ. ஒரு பக்கமா சாஞ்சு, தோளை முதல்ல விடுங்கோ" என்று கைகளால் காட்டிக் கொடுத்தார்.

இவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். லிங்கத்தைப் பார்த்து, "சாமி, மானத்த காப்பாத்து" என்றார். தலை, தோள், வயிறு. வயிற்றில் மறுபடி நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு நமசிவாய, நமசிவாய என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உஸ்ஸென்று ஒரு பெரிய மூச்சு. கண்ணைத் திறந்தபோது இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவையும் உள்ளே போய்விட்டன. நான் கோயில் என்றும் பார்க்காமல் கை தட்டிவிட்டேன். குருக்களும் தட்டினார்!

அடுத்த துவாரத்தில் இவர் தலை எட்டிப் பார்த்ததும் நான் மண்டியிட்டு நுழைந்தேன். கல் குளுகுளுவென்று இருந்தது. என் பூ உரசி உதிர்ந்தது. உள்ளே எழுந்து நின்றால் ஒரு ஆள் நடக்கும் அளவு சந்து, இருட்டு. சாமியின் முதுகுப் பக்கம் வந்தபோது திடீரென்று ஒன்று உறைத்தது. இனி இவருக்கும் பிறவி இல்லை, எனக்கும் இல்லை. ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இரண்டு பேரும் போய்விட்டால் நாங்கள் சேர்ந்து இருப்பதும் இந்த ஒரு முறையோடு சரி என்பதை யோசிக்கவே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

"இன்னாமே, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா? வா வா." இவர் குரல் துவாரத்தின் வழியே வந்தது. கூடவே ஒரு கை.

அந்தக் கையைப் பிடித்துத்தான் வெளியே வந்தேன். புல்வெளியில் உட்கார்ந்து, உள்ளே நினைத்ததைச் சொன்னேன். இவர் நெஞ்சு வயிறெல்லாம் கல் தூசியோடு, ஒரு பெரிய மிஷினைக் கழற்றிப் பூட்டிவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஒரு தபாதானா? சரி" என்றார். "நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிப்டு. மத்தியானம் போனா போதும்."

வெளியே காத்திருந்த ஆட்டோக்காரர், "பஸ் ஸ்டாண்டுதானே சார்? மத்தியான பஸ்னு சொன்னீங்களே" என்றார்.

"இல்ல அண்ணாத்தே. கடைசி பஸ் எப்போ கீதோ அப்போ போறோம். இந்த ஊர்ல நாங்க பாக்காதது இன்னா கீது?"

"பாக்காததா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு மாசம் ஆவும் சார். எங்கருந்து ஆரம்பிக்கட்டும்?"

இவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எங்கே போகலாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. இவருக்கு முன்னால் ஓடிப் போய் ஆட்டோவில் ஏறி, "கிட்ட இருக்குறதுலருந்து" என்றேன்.