பச்சைக் கட்டம்

ஹேமநாதன் படம் எடுக்கும்போது இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருப்பார். வலக்கண் கேமராவுக்குள் இருக்கும். இடக்கண் அடுத்து வருபவர் யார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்தாறு ஆண்டுகளாக அதுவே அவருடைய பழக்கம். கரையான்சாவடியில் சிறியதொரு ஸ்டுடியோ. திருமழிசையை அடுத்த கிராமத்தில் வீடு. அவ்வூர்த் திரௌபதி அம்மன் கோவில் தீமிதிக்கு ஆண்டுதோறும் படம் எடுக்கும் பொறுப்பு. இவற்றுள் கடைசியானதைத்தான் அவர் தம் பெயருக்கு முன்னால் வைத்துப் பேசுவார்.

அக்னிகுண்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு உள்ளே வருபவர் எவராயினும் பத்து நாள்களுக்கு முன்பே காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்திருக்க வேண்டும். பூசாரி, மிதிப்பவர்கள், பம்பைக்காரர்கள், படக்காரர் என எவருக்கும் விலக்கு இல்லை. காப்புக் கட்டிய பிறகு ஆளை மாற்றவும் முடியாது. வெளியே நிற்பவர்கள் கைப்பேசியை எவ்வளவு உயர்த்தினாலும் தலைகளும் புகையும்தான் கிடைக்கும். ஆகவே, ஒருவர் நெருப்பில் முதல் அடி வைக்கும் நொடி, ஹேமநாதன் எடுத்தால் உண்டு; இல்லாவிட்டால் இல்லை. அந்தப் படத்தைச் சட்டமிட்டு முன்னறையில் மாட்டுவது அவ்வூர் வழக்கம்.

அந்த நேரத்தில் வெளிச்சம் இராது. பொழுது சாய்ந்து, குண்டம் சிவந்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுற்றியுள்ள குழல்விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். ஃபிளாஷ் கூடாது. எப்போதோ ஒரு முறை ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசித் தடுமாறிய ஒருவர் குண்டத்திலேயே கையூன்றிவிட்டார். அன்றோடு அது நிறுத்தப்பட்டது. தணலின் சிவப்பை மட்டும் நம்பி எடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஐம்பத்தெட்டுப் பேர் மிதித்தார்கள். பத்தொன்பது பேரின் படம் தெளிவாக வரவில்லை. கோவிலின் தர்மகர்த்தா எத்திராஜ், ஹேமநாதனுக்குத் தூரத்து உறவில் மாமன். அவர் கோபப்படவில்லை, டீக்கடையில் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டார்.

"இன்னா ஹேமநாதா, ஊரே கேக்குது. கை நடுங்குதா ஒனக்கு?"

"அதெல்லாம் இல்ல மாமா. கேமரா பழசாயிட்ச்சு. இருட்ல ஃபோகஸ் புடிக்க மாட்டேங்குது. முன்னாடியும் பின்னாடியும் தேடிக்கினே கீது."

"அது தேடிக்கினு இருந்துச்சு, சரி. நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

டீக்கடையில் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த வருசம் ஒருவாட்டி பாக்கறேன். அப்பவும் இதே கதைன்னா, ஆவடிலேர்ந்து வேற ஆள கூட்டியாந்து காப்பு கட்டிடுவேன். அப்பால எம்மேல வருத்தப்படாத."

கேமரா பழையது என்பது பொய்யன்று. ஆனால், அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஹேமநாதனின் வலக்கண்ணில் இருந்தது. சர்க்கரை நோய் அந்தக் கண்ணின் நடுவில், ஈரத்தாளில் விழுந்த மை போல ஒரு கறையைப் பரப்பியிருந்தது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. இடக்கண்ணிலும் மங்கல் தொடங்கியிருந்தது; ஆள் தெரியும், நுணுக்கம் தெரியாது. பூந்தமல்லியில் கண் மருத்துவர் ஊசி போட்டார். "இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். போனது திரும்பாது. இடக்கண்ணையும் விடாம காட்டிக்கினு வாங்க" என்றார். அந்த அறையில் உடன் இருந்தவள் மனைவி வடிவு மட்டுமே. ஊரில் வேறு எவருக்கும் தெரியாது. தெரியவிடவும் அவர் விரும்பவில்லை.

எனவேதான் ஹேமநாதன் புதிய மிரர்லெஸ் கேமராவைப் பற்றி எண்ணத் தொடங்கினார். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் எண்ணினார். பழைய கேமராவில், லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கண்ணாடியொன்று திருப்பிவிடும். வெளிச்சம் குறைந்தால் நடுப்புள்ளியைத் தவிர மற்றவை தடுமாறும். புதியதில் அந்தக் கண்ணாடியே இல்லை. படம் பதிகிற தகடே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. ஒற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் பார்க்கிறது. எதிரே இருப்பவரின் முகத்தைத் தானே கண்டுபிடித்து, முகத்துக்குள் கண்ணைக் கண்டுபிடித்து, அதன்மேல் சிறியதொரு கட்டம் போடுகிறது. ஃபோகஸ் பிடித்தவுடன் கட்டம் பச்சையாக மாறுகிறது.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதங்கள் இருந்தன. கையிலிருந்த நான்கு லென்ஸ்களும் அதற்கு நேரடியாகப் பொருந்தா. இடையில் ஒரு வளையம் மாட்ட வேண்டும், மாட்டினால் வேகம் சற்றுக் குறையலாம். பேட்டரி பாதி நேரமே தாங்கும். கல்யாண வேலைகள் ஏற்கெனவே குறைந்துவிட்ட நிலையில் விலையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இவை அனைத்தையும் ஒரு தட்டில் வைத்தால், மற்றத் தட்டில் அவர் வைத்தது ஒன்றுதான்: இந்தக் கருவிக்குக் கண் இருக்கிறது. தமக்கு இல்லாததை அது ஈடுசெய்துவிடும். ஈடுசெய்தால் இன்னும் பத்தாண்டுகள் கயிற்றுக்குள் நிற்கலாம்.

வாங்குவதற்கு முன் தீமிதிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். கேமராக்களை வாடகைக்கு விடும் டில்லிபாபுவின் கடை, ஸ்டுடியோவுக்கு நான்கு கடை தள்ளி இருந்தது. டில்லிபாபு பின்னறைக்கு அழைத்துச் சென்று விளக்கை அணைத்தார். கதவிடுக்கு வெளிச்சம் மட்டும் இருந்தது.

"இப்ப என்னப் புடி அண்ணாத்தே. மூஞ்சியக் காட்டறேன், கொஞ்சம் அழகாவே காட்டறேன்."

ஹேமநாதன் கேமராவை வலக்கண்ணில் வைத்தார். உள்ளே வெளியைவிட வெளிச்சமாக இருந்தது. நடுவில் வழக்கமான கறை. கறைக்குள் எங்கோ பச்சை நிறம் பளிச்சென்று பரவியது. கட்டத்தின் வடிவம் தெரியவில்லை, இடமும் தெரியவில்லை, பச்சை மட்டும் தெரிந்தது. பொத்தானை அழுத்தினார். பத்து முறை அழுத்தினார். டில்லிபாபு படங்களைக் கணினியில் பெரிதாக்கினார்.

"இமை மயிரக்கூட எண்ணலாம் போல கீது. எனக்கே என்னப் பாக்கப் பயமா கீது."

ஹேமநாதன் அன்று நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு அண்ணாத்தே. நெறைய மூஞ்சி கீற எடத்துல, அதுவா ஒண்ண எடுத்துக்கும். கட்டம் வேற ஆள் மேல போயிடுச்சின்னா, இந்தக் குட்டிக் குச்சிய இப்டி தள்ளு, தாவிடும். கட்டம் யார் மேல கீதுன்னு மட்டும் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்" என்றார் ஹேமநாதன்.

கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என அங்கே, அந்த இருட்டில், ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால், கண் போன படக்காரர் என்ற பேச்சு மாலைக்குள் பூந்தமல்லி வரை போய்விடும் என்று அஞ்சினார். மேலும், குண்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தானே இறங்குகிறார், எதிரே ஒரு முகம்தானே இருக்கும் என்றும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

காப்புக் கட்டும் நாளன்று, பூசாரி அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடித்தபோது, அடுத்து நீண்ட கை வடிவின் கையாக இருந்தது. தொழிற்பேட்டையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கும் வேலைக்குப் போகிறவள். இதுவரை ஒரு முறைகூடத் தீ மிதித்ததில்லை.

"நீ எதுக்கு?" என்றார்.

"சொம்மாதான். எல்லாரும் மிதிக்கறாங்க" என்றாள் வடிவு. பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதவாறு, "ஒரு கண்ணாச்சும் நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கினேன். கிட்டக்க நின்னு எடுப்பல்ல? என் படமும் ஊட்ல மாட்டணும்" என்றாள்.

தீமிதியன்று அறுபத்தொரு பேர் இறங்கக் காத்திருந்தார்கள். குளத்தில் நீராடி, மஞ்சள் உடுத்து, முகம் முழுவதும் மஞ்சள் பூசி, ஈரத்தோடு வரிசையாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சரவிளக்குகள் மின்ன, அம்மனின் உற்சவத் திருமேனியை ஏற்றிய டிராக்டர் வந்து குண்டத்தின் தொடக்க முனையில் நின்றது. மிதிப்பவர்களின் தலைக்கு மேலிருந்து அம்மன் குண்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே முறை. ஹேமநாதன் எதிர்முனையில், பால் ஊற்றிய குழிக்குப் பக்கத்தில், மிதிப்பவர்களை நேருக்கு நேராகப் பார்த்தபடி நின்றார். அவருடைய வழக்கமான இடம் அது.

அம்மனின் சரவிளக்குகளைத் தவிர மற்ற விளக்குகள் அணைந்தன. பம்பை முழங்கியது. பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கினார். உள்ளே பச்சை தெரிந்தது. அழுத்தினார். அடுத்து ஒரு முதியவர், பச்சை. அதற்கடுத்து இரண்டு சகோதரிகள், பச்சை, பச்சை. சென்ற ஆண்டைப் போலக் கேமரா ஒரு நொடிகூடத் தேடவில்லை. இடக்கண் வரிசையைப் பார்த்தது, வலக்கண் பச்சையைப் பார்த்தது, விரல் அழுத்தியது. இந்த வேகத்தில் அவர் இளமையில்கூட வேலை செய்ததில்லை. கயிற்றுக்கு அப்பால் நின்ற எத்திராஜ், அவருடைய முகத்தைக் கண்டு தலையசைத்தார்.

நாற்பத்து மூன்றாவதாக வடிவு வந்தாள். கைகளைக் கூப்பி, கண்களை மூடிக்கொண்டு முதல் அடியை வைத்தாள். பச்சை தெரிந்தது. ஒன்றுக்கு நான்காக அழுத்தினார்.

மறுநாள் காலையில் வீட்டுக் கணினியில் வடிவுதான் படங்களைத் திறந்தாள். பெரிய திரையில்கூட நுணுக்கங்களைப் பார்ப்பது அவருக்கு இயலாமல் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் பின்னால் நின்று, அவள் விசையைத் தட்டும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் வேகமாகக் கேட்டது. பிறகு மெல்ல. பிறகு நின்றுவிட்டது.

"எப்டி கீது?"

வடிவு "அம்மன் நல்லா கீறா" என்றாள்.

"ஆளுங்க?"

"அம்மன் கண்ணு ரெண்டும் அப்டியே பாக்கற மாதிரி கீது. வெள்ளிக் கண்ணு. மூக்குத்தி கல்லுகூடத் தெரியுது."

"ஆளுங்களக் கேக்கறேன்."

அவள் மறுபடியும் விசையைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"நீ எப்டி வந்துகீற?"

"நான் மஞ்சளா தெரியறேன்" என்றாள் வடிவு.

நடந்தது இதுதான். மிதித்தவர்கள் அனைவரும் முகத்தில் மஞ்சள் அப்பி, தலை கவிழ்ந்து, கண்களை மூடியோ தாழ்த்தியோ இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சரவிளக்குகளின் நடுவில், அகலத் திறந்த வெள்ளிக் கண்களோடு ஒரு முகம் எப்போதும் இருந்தது. கேமரா அந்தக் கண்களை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும், தவறாமல், தயங்காமல் எடுத்துக்கொண்டது. புகை எழுந்து அம்மனை மறைத்த ஏழு படங்களில் மட்டும் மனிதர்கள் தெளிவாக வந்திருந்தார்கள். அந்த ஏழில் வடிவு இல்லை.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டில்லிபாபு படங்களை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"கேமரா மேல தப்பு இல்ல அண்ணாத்தே. சாமி மேல போயிருக்குது. குச்சிய தள்ளலியா?"

"கட்டம் தெரியல டில்லி."

"எப்ப?"

"எப்பவுமே" என்றார் ஹேமநாதன். "அன்னிக்கு இங்க, ஒன் மூஞ்சிய எடுத்தேனே, அப்பவும்."

டில்லிபாபு கேமராவைப் பைக்குள் வைத்து மூடினார். "டீ சாப்புட்றியா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹேமநாதன் எழுந்தார். வாங்கலாமா வேண்டாமா என்று ஓராண்டாக எடைபோட்டுக்கொண்டிருந்த கேள்வி, எவரும் விடை சொல்லாமலேயே முடிந்துபோயிற்று. எந்தப் புதிய கேமராவானாலும், யாரை எடுப்பது என்று அதனிடம் சொல்வதற்கு ஒரு கண் வேண்டியிருந்தது.

எத்திராஜ் மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்தார். டீக்கடையில் பேசவில்லை, அவரளவில் அது ஒரு மரியாதை. விவரத்தை யாரோ சொல்லியிருந்தார்கள்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா காப்பு கட்ட உட்ருப்பியா மாமா?"

எத்திராஜ் வடிவு கொடுத்த மோரைக் குடித்து முடித்தார். "அம்மன் படம் நல்லா கீதுன்னாங்க. ஒண்ணு குடு, அடுத்த வருச நோட்டீசுக்குப் போட்டுக்கலாம். மத்ததுக்கு ஆவடி ஆள பாத்துக்கறேன்" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஓரமா ஒம்பேரப் போடச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

படம் கேட்டு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஹேமநாதன் தாமே கதவைத் திறந்து, தாமே சொன்னார். ஒரு வாரம் வந்தார்கள். சிலர் ஏசினார்கள், பெரும்பாலோர் படம் வாங்காமல் போனார்கள். இரண்டு சகோதரிகளுள் இளையவள் மட்டும், "பரவால்ல அண்ணே, எங்களுக்குப் பின்னாடி அம்மனே நிக்கறா இல்ல" என்று வாங்கிக்கொண்டாள். அதை ஆறுதலுக்காகச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

வடிவும் தன் படத்தைச் சட்டமிட்டு முன்னறையில் மாட்டினாள். வேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஆணி அடித்து, சட்டத்தை நேராக்கி, கீழே இறங்கியவள், "அடுத்த வருசமும் மிதிக்கலாம்னு கீறேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு? அதான் ஒண்ணும் ஆவலியே."

"இன்னொரு கண்ணு கீதே" என்றாள் வடிவு.

அவர் படத்தை நோக்கி முகத்தைத் திருப்பினார். அடுத்த ஆண்டு அவள் இறங்கும்போது, தாம் கயிற்றுக்கு வெளியே, கைப்பேசிகளை உயர்த்தியவர்களின் நடுவில் நிற்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.