தலைச்சோலைக்குப் போன பூனை

எங்கள் சாச்சா, அதாவது அத்தாவின் தம்பி, ஒரே ஒருமுறை உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்திருந்தால் அந்த நாள் அப்படி ஆகியிருக்காது. இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

ஏற்காட்டில் எங்களுக்கு மளிகைக்கடை. எலிகளிடமிருந்து அரிசி மூட்டைகளைக் காக்க ஒரு பூனை இருந்தது. மறுநாள் சேலத்துக் கல்யாணத்துக்குக் குடும்பமே கிளம்புகிறது, திரும்ப ஒரு வாரமாகும். பக்கத்துக் கடையில் சொல்லிப் பூனைச் சோற்றுக்கு ஏற்பாடும் செய்தாயிற்று. பூனைதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டு நாளாக எதையும் தொடாமல், வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது. டாக்டரிடம் காட்டாமல் வரமாட்டேன் என்று நான் தரையில் புரண்டேன்.

சாச்சா கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்தார். டாக்டர் தலைச்சோலை கிராமத்தில் மாடு பார்க்கப் போயிருப்பதாக உதவியாளர் சொன்னார். பூனைக்கு டாக்டரா என்று சிரிப்பார்களே என்று சாச்சாவுக்குக் கூச்சம். ஆடு என்றார். ஆட்டுக்கு நாளைதான் வருவார் என்றதும், அது குட்டி போட முடியாமல் காலையிலிருந்து தவிக்கிறது என்று கூசாமல் சேர்த்துக்கொண்டார். உடனே டாக்டருக்குப் போன் போட்டு வரச் சொல்கிறேன் என்றார் உதவியாளர்.

போனை வைத்த பிறகுதான், கடை வாசலில் நாலு பேர் பார்க்க டாக்டர் ஆட்டைத் தேடுவாரே என்ற பயம் வந்தது. வழியிலேயே மடக்கிவிடலாம் என்று பூனையை பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். எதிரே வந்த எத்தனையோ பைக்குகளில் எது டாக்டருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தலைச்சோலையில், படுத்துக்கிடந்த மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா குந்தியிருந்தார்.

"டாக்டர் இப்பத்தானுங்க பாய் போனாரு. ஏற்காட்டுல யாரோ ஊட்டு ஆடு, குட்டி வெளிய வராம உசுருக்குப் போராடுதாமுங்க. எம் மாட்டைத்தான் பாக்க இருந்தாரு. மொதல்ல அதைப் பாருங்கன்னு நாந்தான் அனுப்பி வெச்சேன்."

சாச்சா குனிந்து ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பதும் அவருக்கு வழக்கம்தான்.

"பொட்டியில என்னா கண்ணு?"

நான் பெருமையாகத் திறந்து காட்டினேன். அந்த அக்கா பூனையின் தலையைத் தடவிவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது கடை வாசலில் ஊரே கூடியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கோழிகூட இல்லை என்று அத்தா டாக்டரிடம் கத்திக்கொண்டிருந்தார். சாச்சா தலையைத் தொங்கப்போட்டபடி பெட்டியை நீட்டினார். டாக்டர் பூனையின் வாயைப் பிளந்து, பல்லிடுக்கிலிருந்து ஒரு மீன்முள்ளை எடுத்துப் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"பூனைன்னு சொல்லியிருந்தா, முள்ளு இருக்கா பாருங்கன்னு போன்லயே சொல்லியிருப்பேனுங்களே" என்றவர், கையைக்கூடக் கழுவாமல் தலைச்சோலைக்கே பைக்கைத் திருப்பினார்.

நாங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். பூனை கொழுத்திருந்தது. அதை அந்த அக்காவிடம் காட்ட வேண்டும் என்று தினமும் சாச்சாவை நச்சரித்தேன். தலைச்சோலை பக்கமே அவர் வண்டியைத் திருப்பவில்லை. மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் அந்த அக்காவே உப்பு வாங்க எங்கள் கடைக்கு வந்தார். சாச்சா சட்டென்று எழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார். நான் பூனையைத் தூக்கி வந்து காட்டினேன்.

"நல்லாருக்குதா சாமி?"

"நல்லாருக்கு. உங்க மாடு?"

அவர் பூனையின் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "பூனை நல்லாருக்குதுல்ல கண்ணு, அது போதும்" என்று உப்பை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு ஒரே சந்தோஷம். மூட்டைகளுக்குப் பின்னால் ஓடி, "சாச்சா, அவங்களுக்கு நம்ம பூனை நல்லாருந்தாப் போதுமாம்!" என்று கத்தினேன். அவர் முகத்தை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல சேதி சொன்னால் சிரிக்கக்கூடத் தெரியாதா இந்த மனிதருக்கு என்று அன்று முழுக்க அவர்மேல் கோபமாக இருந்தேன்.