குனிந்து பார்க்காத ஒரு குழாய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூருவை ஒட்டிய சந்தாபுரா பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். ஒன்றரை வயது மகளை ஹெப்பகோடியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவேன்.

கல்லூரிகளுக்கான ஒரு போட்டிக்காக, இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர் பழைய ஸ்கூட்டர் ஒன்றை எத்தனாலில் ஓடும்படி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழு மாத உழைப்பு. பொறுப்பு ஆசிரியை நான். "இனிமே இது பெட்ரோல் குடிக்காது மேடம், சரக்குதான் அடிக்கும்" என்று சிரிப்பாள் அணித்தலைவி, ஓசூர்ப் பெண்.

சாதாரண ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறி இளகிவிடும். ஒவ்வொரு குழாயையும் மாற்றியிருக்கிறார்களா என்று நான் தொட்டுப் பார்த்துப் போட்டிக்கான சோதனைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பாதி பார்த்திருந்தபோது காப்பகத்திலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல்.

"எல்லாம் மாத்தியாச்சு இல்ல?"

"ஆச்சு மேடம். நீங்க கிளம்புங்க, பாப்பா அழுதுட்டிருக்கும்" என்றாள் அணித்தலைவி.

டேங்குக்கு அடியில் குனியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். லேசான சூடுதான்.

போட்டி நாளில் நடுவர் டேங்குக்கு அடியில் கையை விட்டார். விரல் நீளத்துக்கு ஒரு பழைய குழாய், மாற்ற விட்டுப்போனது. அழுத்தியதும் பிய்ந்து எத்தனால் சொட்டியது. இதைப் பார்த்தா கையெழுத்துப் போட்டீர்கள் என்று என்னைக் கன்னடத்தில் கேட்டார்.

நான் விழித்துக்கொண்டு நிற்க, அணித்தலைவி முந்திக்கொண்டாள். மேடம் பார்த்தபோது புதுக் குழாய்தான் இருந்தது, அது கசிந்ததால் நேற்று நான்தான் பழையதைப் போட்டேன் என்றாள். பொய். விட்டுப்போன குழாய் என்றால் மாற்ற ஒரு மணி நேரம் தந்திருப்பார்கள். கையெழுத்துக்குப் பிறகு வண்டியில் கை வைப்பது விதிமீறல். மொத்த அணியையும் நீக்கினார்கள். அந்த விதி எனக்குத் தெரியும். வேலையை நினைத்தேன். மகளை நினைத்தேன். பேசாமல் நின்றேன்.

திரும்பும்போது வேனில் முன்சீட்டில் இருந்தேன். பின்னால் ஒருத்தி கேட்டாள்: "யாரைக் கேட்டுடி அப்படிச் சொன்ன?"

"மேடத்துக்கு வேலை போயிடும்ல? கைக்குழந்தை வச்சிருக்காங்க."

"அப்ப நம்ம ஏழு மாசம்?"

நான் இறங்க வேண்டிய பொம்மசந்திரா வரும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

அவசரத்தில் போட்ட கையெழுத்துக்காவது மகளின் காய்ச்சலைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்; வாய் திறக்காமல் நின்ற அந்த அரை நிமிடத்துக்கு இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.