கரண்ட் இல்லாத கதவு

வேலி போடலாம் என்று சொன்னது நான் இல்லை, கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள். கணவர் போன பிறகு, நீலகிரியில் எமரால்டு ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய வீட்டில் நான் ஒருத்திதான். வாசலுக்கு முன்னால் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி வந்து பாத்தியைக் கிளறிவிட்டுப் போகும். மகளுக்கு உறுத்தியது அது மட்டுமல்ல.

"கண்டவங்க எல்லாம் நம்ம தோட்டத்துக்குள்ளயே நடந்து போறாங்க. நீ தனியா இருக்கறே. கரண்ட் வேலி போட்டுரலாம்மா" என்றாள்.

அவள் சொன்ன கண்டவர்கள், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள், கீழே லயத்தில், எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ரோட்டில் போனால் சுற்று என்பதால் என் தோட்டத்துக்குக் குறுக்கே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. காலையில் அதில் போகும்போது ஒருத்தி மட்டும் என் சமையலறை ஜன்னலைப் பார்த்து, "ஆபீஸரம்மா, தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று குரல் கொடுப்பாள். நான் மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபீஸர் பதவி அவள் கொடுத்தது. "ஆச்சு, ஆச்சு" என்பேன். பல நாட்களில் நான் இன்னொரு மனுஷியிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் அந்தப் பாதை வழுக்கும். தோட்டத்து ஓரத்துப் பழைய முள்கம்பி வேலியில் முள் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் ஏறுவார்கள். மூடுபனியில் கண் தெரியாவிட்டாலும் கை தானாகக் கம்பியைத் தேடிப் போகும். கம்பியில் கரண்ட் விட்டால் அந்தக் கை என்ன ஆகும்?

வேலி போட வந்தவரிடம் கேட்டேன். "ஏனுங்க, பயப்படாதீங்க. தொட்டா சுரீர்னு இருக்கும். ஆளெல்லாம் சாகாதுங்க" என்றார்.

"அது எங்கே எழுதியிருக்கு?"

"எழுதறதுக்கு என்னங்க இருக்குது? ஊரெல்லாம் போட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறோம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேலையில் இருந்தவரை விதி எண் இல்லாமல் ஒரு கோப்பும் என் மேஜையைத் தாண்டியதில்லை. எழுதியதைப் படிக்காமல் ஒரு கம்பமும் நட விடமாட்டேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

செல்லில் தேடியபோது, மின்வேலி எப்படிப் போட வேண்டும் என்று அரசாங்கம் எழுதிவைத்த பாதுகாப்புத் தரம் ஒன்று இருந்தது. இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், பதிவு மட்டும் செய்ய வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினேன். ஓடிபி வந்தது, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. மறுபடி அனுப்பச் சொன்னால், நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. பேச ஆளில்லாமல் கிடப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? மழை பிடித்து, மேடு ஏறி இறங்கி, ஒருவழியாக அது செல்லுக்குள் வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் பொடி எழுத்து. கண்ணாடியை மாற்றி மாற்றிப் படித்தேன். மெயின் லைனிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கவே கூடாது, வேலிக்கென்றே இருக்கும் மிஷினிலிருந்து துடிப்பு துடிப்பாகத்தான் போக வேண்டும். அதன் பிறகு நான் தேடிய வரி வந்தது. பொதுப் பாதை வேலியைக் கடக்கும் இடத்தில் மின்சாரம் பாயாத கதவு வைக்க வேண்டும், பக்கத்துக் கம்பிகளில் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலியும் இருக்கும், பாதையும் இருக்கும்.

வேலிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். கம்பியைக் கதவுக்கு அடியில் மண்ணுக்குள் கொண்டுபோனார். சரிவில் பிடித்து ஏற மரக் கைப்பிடி ஒன்றும் வைக்கச் சொன்னேன். அது தரத்தில் இல்லை, என் யோசனை. இரண்டு பக்கமும் மஞ்சள் பலகை மாட்டினோம். கையும் மின்னலும் வரைந்து, 'மின்வேலி, தொடாதே' என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை ஜன்னலருகே நின்றேன். யாரும் வரவில்லை. பேச்சுச் சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்டது. அடுத்த நாளும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். குரல் கொடுப்பவள் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"கதவுல கரண்ட் இல்லைங்க. நீங்க போறதுக்குன்னே வெச்சிருக்கறேன்" என்றேன்.

"தெரியுதுங்கம்மா, கதவு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா வேலி யாருக்குப் போட்டதுன்னு எங்களுக்குப் புரியாதுங்களா? பன்னிக்குப் போர்டு படிக்கத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பன்றிக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் சொன்ன 'கண்டவங்க' ஞாபகம் வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போதும் காலையில் போய் அந்தக் கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்றும் செய்யாது என்று அவர்கள் பார்க்கட்டும் என்றுதான். மூடுபனியில் நான் நிற்பது ரோட்டுக்குத் தெரிகிறதோ என்னவோ.

போன வாரம் தொட்டி மேட்டில் நின்று மகளோடு பேசினேன். கீழே ரோட்டில் அவர்கள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வேலி எப்படிம்மா இருக்குது? நல்லா வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுது கண்ணு. ஒருத்தரும் வர்றதில்லை."

"அப்பாடா" என்றாள் மகள். "இனி நான் நிம்மதியா இருப்பேன்."